மெய்யான வழிபாடு

வழிபாடு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு கட்டடம். மணிக்கூண்டும் பலிபீடமும் எரியும் மெழுகுவத்தியும் கூடிப் பாடும் மக்களும் அதனோடு சேர்ந்து தோன்றுவர். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த கிறித்தவர்க்கு இக்காட்சி இன்னும் தெளிவாக அமைந்திருக்கும். தம் ஊர்க் கோயில், அதனருகே மூதாதையர் துயிலும் கல்லறைத் தோட்டம், ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும், அல்லது ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் அமரும் அசன விருந்து ஆகிய யாவும் அவருடைய வழிபாட்டு நினைவில் பின்னிக் கிடப்பவை.

அத்தகையவர் பிழைப்பை முன்னிட்டு வேற்று மாநிலம் செல்கிறார். ரயில்வேயிலோ, மருத்துவமனையிலோ, தொழிற்சாலையிலோ, அரசு அலுவலகத்திலோ பணி கிடைக்கிறது. சென்ற ஊரில் தமிழில் ஆராதனை நடைபெறும் கோயில் தொலைவில் இருக்கலாம். வேறு மொழியினரின் கோயிலில் அவர்கள் வழிபட்டு எழுந்த பின் கிடைக்கும் ஒரு மணி நேரமே தமிழர்க்கு உரியதாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்து இரவுப் பணியும் வந்து வாய்க்கலாம். அப்போது, 'ஊரை விட்டு வந்ததோடு நம் வழிபாடும் போயிற்றோ' என்ற ஏக்கம் உள்ளத்தில் எழுகின்றது. இவ்வேக்கம் பழமையானது. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் ஓர் இனம் முழுவதுமே இவ்வாறு ஏங்கி நின்றது. மெய்யான வழிபாடு எது என்பதற்குக் கிறித்தவ சமயம் கூறும் விடையை அங்கிருந்தே தொடங்கி விளக்குதல் பொருந்தும்.

கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் யூதேயா நாட்டை வென்று, அரசனையும் பெருங்குடியினரையும் கைவினைஞர்களையும் சிறைபிடித்துச் சென்றான். பத்தாண்டுகள் கழித்து எருசலேம் தேவாலயமும் தீக்கிரையாயிற்று. யூதர்க்கு இது நாட்டிழப்பு மட்டுமன்று. பலி செலுத்துவதற்குரிய இடம் அவ்வாலயம் ஒன்றே எனக் கருதியவர்கள் அவர்கள். அந்நிய மண்ணில் இறைவனைப் பாடுவது எங்ஙனம் என்று அவர்கள் கலங்கிய கலக்கம் சங்கீத நூலில் பதிவாகியுள்ளது.

முதலில் சிறைப்பட்டுச் சென்றவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். விரைவில் ஊர் திரும்பலாம் என்று ஆசை காட்டியோரை நம்ப வேண்டாம் என அதில் எச்சரித்தார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டமிட்டு அதன் பயனை உண்ணுங்கள், மக்களைப் பெற்று வாழுங்கள் என்பது அக்கடிதத்தின் கருத்து. அதனினும் வியப்பானது அதன் அடுத்த பகுதி. தங்களைச் சிறைபிடித்த அந்நகரத்தின் நலத்தை நாடுமாறும், அதற்காக மன்றாடுமாறும், அதன் நலத்திலேயே அவர்கள் நலமும் அடங்கியிருப்பதாகவும் அவர் எழுதினார். ஆலயமில்லாத ஊரிலும் வழிபாடு உண்டு என்பதும், அவ்வழிபாடு தாம் வாழும் ஊரின் நலனோடு பிணைந்தது என்பதும் இக்கடிதத்தால் பெறப்படும். 'பிழைக்க வந்த ஊர்தானே' என்று வாழும் ஊரை அயலாகவே வைத்துப் பார்க்கும் மனநிலைக்கு இதில் இடமில்லை.

எரேமியாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, கி.மு. 8ஆம் நூற்றாண்டில், ஆமோஸ் என்னும் ஆட்டிடையர் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார். தெக்கோவா என்ற சிற்றூரினரான அவர், வடக்கே இருந்த இஸ்ரவேல் அரசின் பெத்தேலுக்குச் சென்று பேசினார். அங்கே திருவிழாக்களுக்கும் பலிகளுக்கும் பாடல்களுக்கும் குறைவில்லை. ஆயினும் விழா முடிந்து கடை திறப்பது எப்போது என்று வணிகர் காத்திருந்தனர். மரக்காலைக் குறைத்தும், எடைக்கல்லைக் கூட்டியும், கள்ளத் தராசு பிடித்தும், பதரைக் கோதுமையென விற்றும் ஏழைகளை வஞ்சித்தனர். இத்தகையோரின் விழாக்களை இறைவன் வெறுக்கிறார், அவர் வேண்டுவது வற்றாத ஆறுபோல் ஓடும் நீதி என்று ஆமோஸ் முழங்கினார். அக்கோயிலின் ஆசாரியனோ, உன் நாட்டுக்கே திரும்பிச் சென்று அங்கே பிழைத்துக்கொள் என்று அவரை விரட்ட முற்பட்டான். வெளியூரிலிருந்து வந்தவர் இச்சொல்லைக் கேட்பது அன்றும் புதிதாக இருந்திருக்காது.

இவ்விரு நீரோட்டங்களும் வந்து கலக்கும் இடம் யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம். நண்பகலில், யாக்கோபின் கிணற்றருகே, களைத்து அமர்ந்திருந்த இயேசு பெருமானிடம் சமாரியப் பெண் ஒருத்தி ஒரு வினாவை எழுப்புகிறாள். எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதனர், நீங்களோ எருசலேமில்தான் தொழவேண்டும் என்கிறீர்கள், எது சரி? அவள் சுட்டியது கெரிசீம் மலை. அங்கிருந்த சமாரியர் கோயிலை யூத ஆட்சியாளர் ஒருவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளியிருந்தார். ஆகவே அவ்வினாவில் பழம்பகையும் வடுவும் கலந்திருந்தன. பெருமான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கூறவில்லை. மலையோ நகரமோ அளவுகோல் ஆகாத காலம் வருகிறதென்றும், ஆவியோடும் உண்மையோடும் தொழுபவரையே தந்தையாகிய இறைவன் தேடுகிறார் என்றும் விடையளித்தார். கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தையும் அழித்தனர். இரு இடங்களும் இழந்த பின்னும் வழிபாடு நிலைத்தது.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். ஆவியோடு தொழுவது என்றால் கோயிலும் சடங்கும் கூட்டுத் தொழுகையும் வேண்டா என்று சிலர் பொருள் கொள்வர். பெருமானின் வாழ்க்கை அதற்கு இடந்தரவில்லை. அவர் ஓய்வுநாள்தோறும் செபக்கூடம் சென்றார். பண்டிகைகளுக்கு எருசலேம் ஏகினார். வெளிச்செயலும் உள்ளமும் ஒன்றாதிருப்பதையே அவர் கடிந்தார். காணிக்கையோடு பீடத்தை நெருங்கும் ஒருவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்று நினைவுகூர்வானாயின், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் சென்று ஒப்புரவாகி, பின்னரே வந்து செலுத்த வேண்டும் என்று மலைப்பொழிவில் கற்பித்தார். காணிக்கை தள்ளப்படவில்லை, அதற்கு முற்படு கடன் ஒன்று சுட்டப்பட்டது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950இல் ஏற்படுத்திய நற்கருணை வழிபாட்டு முறையில், காணிக்கைக்கு முன்பாக மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் கூறும் பகுதி அமைந்திருப்பது இக்கருத்துக்கு இசைவானது. கேரளத்துச் சுரியானி வழிபாட்டில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உள்ளது.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோர்க்கு ஒரு சொல்லின் வேர் பல வேளைகளில் வழிகாட்டும். எபிரேய மொழியில் 'அவோதா' என்னும் சொல் வயலில் செய்யும் உழைப்பையும் குறிக்கும். ஆலயத்தில் செய்யும் திருப்பணியையும் குறிக்கும். கிரேக்க மொழியில் 'லெயித்தூர்கியா' என்பது முதலில் கோயிற் சொல்லன்று. ஆதென்ஸ் நகரத்துச் செல்வர் தம் சொந்தச் செலவில் போர்க்கப்பலைப் பேணுவதும், நாடக விழாவுக்குப் பாடற்குழுவை ஏற்படுத்துவதும் ஆகிய பொதுப்பணிகளுக்கு அது பெயராக இருந்தது. பின்னர் அச்சொல்லே கிறித்தவரின் திருவழிபாட்டுக்குப் பெயராயிற்று. பவுல் அடிகள் உரோமர்க்கு எழுதிய திருமுகத்தில், தம் உடலையே உயிருள்ள பலியாக ஒப்படைப்பதை வழிபாடு என்கிறார். உடல் என்றமையால் கையும் காலும் நாவும் கண்ணும், அவற்றால் நாள்தோறும் செய்யும் தொழிலும் அதனுள் அடங்கிவிடும். நம் தமிழ்ச் சொல்லும் பொருள் குறைந்ததன்று. வழிபடுதலாவது ஒருவர் காட்டிய வழியிலே நடத்தல். போற்றிவிட்டு அவ்வழியை விட்டு விலகுவோன் வழிபட்டவன் ஆகான்.

ஆதித் திருச்சபை இதை எவ்வாறு வாழ்ந்து காட்டியது? அதற்குச் சான்று கூறுபவர்களுள் ஒருவர் கிறித்தவரே அல்லர். ஏறத்தாழ கி.பி. 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி என்னும் உரோமர், தாம் கிறித்தவர்களை விசாரித்த செய்தியைப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். அவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் பொழுது புலருமுன் கூடுகின்றனர். கிறிஸ்துவைப் போற்றிப் பாடுகின்றனர். பின்னர், களவும் கொள்ளையும் பிறன்மனை நயத்தலும் செய்வதில்லை, கொடுத்த வாக்கில் தவறுவதில்லை, பிறர் ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது மறுப்பதில்லை என்று உறுதி பூணுகின்றனர் என்பது அவர் கண்டறிந்தது. புலருமுன் கூடியதற்குக் காரணம் விளங்கத்தக்கது. ஞாயிறு அன்று வேலை நாளே. கான்ஸ்டன்டைன் பேரரசர் 321இல்தான் அதனை ஓய்வுநாளாக்கினார். அதுவரை அடிமைகளும் கூலியாட்களுமான பலர் உழைப்பின் இடையே நேரம் கண்டே தொழுதனர். ஞாயிற்றுக்கிழமையிலும் பணிக்குச் செல்ல நேரும் இன்றைய தொழிலாளர்க்கு அவர்கள் முன்னோர் ஆவர்.

மற்றொரு சான்று ஜஸ்டின் என்னும் அறிஞருடையது. அவர் பிறந்த ஊர் இன்று நாப்லுஸ் எனப்படுவது. யாக்கோபின் கிணறும் கெரிசீம் மலையும் அதன் அருகிலேயே உள்ளன. அங்கிருந்து புறப்பட்டு உரோமை நகரில் குடியேறி ஆசிரியராக வாழ்ந்த அவர், ஏறத்தாழ கி.பி. 155இல் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு வழிபாட்டை விளக்குகிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவர், திருமறை வாசிக்கப்படும், தலைவர் அறிவுரை கூறுவார், யாவரும் எழுந்து மன்றாடுவர், அப்பமும் இரசமும் கொணர்ந்து நன்றி செலுத்திப் பகிர்ந்துகொள்வர். வர இயலாதவர்க்கு அவர் பங்கு உதவியாளர் வழியே வீட்டுக்கு அனுப்பப்படும். இயன்றவர் மனமுவந்து அளிக்கும் பொருள் தலைவரிடம் சேரும். அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்போர் ஆகியோரை அவர் அதைக் கொண்டு தாங்குவார். வெளியூரார் அப்பட்டியலில் இடம்பெற்றதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தொழுகையின் ஒரு பகுதியாகவே அவர்கள் கவனிக்கப்பட்டனர்.

திருச்சபை செல்வமும் அரசின் ஆதரவும் பெற்ற பின், கோயில்களின் அழகு வளர்ந்தது. அதனோடு ஆமோஸ் கண்ட பழைய நோயும் தலைதூக்கியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தோம் அதனை மறைக்காது எடுத்துரைத்தார். பீடத்தைப் பொற்கிண்ணங்களால் நிரப்பிவிட்டு, வாயிலில் பசித்திருப்பவனைக் கண்டும் காணாமல் செல்வோர், கிறிஸ்துவுக்கு உள்ளே பட்டு உடுத்தி வெளியே குளிரில் வாட விடுகின்றனர் என்பது அவர் வாதம். பின்னர் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான அவர், அரண்மனையின் பகைக்கு ஆளாகி, நாடு கடத்தப்பட்ட நிலையில் 407இல் உயிர் நீத்தார்.

தொழிலையே தொழுகையாக்கிய ஒருவரையும் நினைவுகூர்வோம். பிரான்சின் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சகோதரர் லாரன்ஸ். இளமையில் போர்வீரர், பின்னர் ஏவலாளர். கல்வி மிகாத அவருக்கு மடத்தில் கிடைத்தது சமையலறைப் பணி. அவ்வேலையில் அவருக்கு இயல்பாக நாட்டமும் இல்லை. எனினும் பாத்திரங்களின் ஓசைக்கும் பலருடைய ஏவல்களுக்கும் நடுவே, கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதியோடு இறைவன் திருமுன் நிற்கப் பழகினார். 1691இல் அவர் மறைந்த பின் வெளிவந்த அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் இன்றும் பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன.

ஆனால் 'செய்யும் தொழிலே தெய்வம்' என்று கூறிக் கூட்டுத் தொழுகையை அறவே விட்டுவிடலாமா? லாரன்ஸ் சமையலறையில் இறைவனைக் கண்டார் என்பது உண்மை. அவர் மடத்தின் செபவேளைகளை விட்டவர் அல்லர் என்பதும் உண்மை. இறைவனை நோக்கித் தலை தாழ்த்தும் பழக்கம் அற்றுப்போனால், தொழில் நாளடைவில் நம் பெருமையையோ நம் ஊதியத்தையோ தொழும் தொழுகையாகிவிடும். கூடித் தொழுதல் ஊற்று என்றால், அன்றாட வாழ்வு அதிலிருந்து ஓடும் வாய்க்கால். ஊற்று வற்றினால் வாய்க்கால் காயும். வாய்க்கால் அடைபட்டால் ஊற்று நீர் தேங்கிக் கெடும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதனால் விளையும் கடமைகள் தெளிவானவை. முதியவர் ஒருவரின் ஓய்வூதியக் கோப்பைக் கையூட்டு எதிர்பாராது காலத்தில் நகர்த்தும் எழுத்தரும், மொழி புரியாத நோயாளியின் கையைப் பற்றி இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியும், நிறை குறையாது நிறுக்கும் கடைக்காரரும், பூட்டிய கதவுக்குள் எவரும் பார்க்காதபோதும் வீட்டு வேலையாளை மதிப்போடு நடத்தும் இல்லத்தரசியும் ஞாயிறன்று பாடிய பாடலை வாரநாளில் தொடர்பவர்கள். புதிதாக ஊரிலிருந்து வந்து இடம் தேடித் தவிக்கும் இளைஞனுக்கு ஒரு வேளை உணவிடுவது ஜஸ்டின் விவரித்த வழிபாட்டின் எஞ்சிய பகுதியே ஆகும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். ஊரை விட்டு வரும்போது சாதியையும் ஊர்ப்பகையையும் பெட்டியிலே கட்டிக்கொண்டு வந்து, சிறிய தமிழ்ச் சபையிலும் இருக்கைக்கும் பொறுப்புக்கும் பெண் கொடுப்பதற்கும் அவற்றையே அளவுகோலாக்குவோர் உளர். கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டுத் தீண்டாமைச் சுவரைத் தாண்டியவரின் பெயரால் கூடும் கூட்டத்தில் இதற்கு எள்ளளவும் இடமில்லை. அதனை நீக்காதவரை, தமிழிலே பாடினும் தூய தமிழிலே மன்றாடினும், அது ஆமோஸ் கண்ட பெத்தேல் விழாவே.

இந்த ஊரிலா, அந்த ஊரிலா என்னும் வினா சமாரியப் பெண்ணோடு முடிந்துவிடவில்லை; நம்மிடமும் அது எழுகிறது. சொந்த ஊர்க் கோயிலின் மீதுள்ள அன்பு நல்லது; விடுமுறையில் அங்கே சென்று மண்டியிடுவது உள்ளத்துக்கு உரமூட்டும். எனினும் எஞ்சிய நாட்களை நாம் கழிப்பது இங்கே. இங்குள்ள மக்களோடு நேர்மையாக நடந்து, இவ்வூரின் நலத்துக்காக மன்றாடி, இயன்றபோதெல்லாம் கூடித் தொழுது வாழ்வோமாயின், நம் வழிபாடு நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை என்று உணர்வோம்.