ஒரே ட்ரோன், நாலு வேலை - முடியுமா?

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் நின்று அடையாற்றைப் பாருங்கள். வெள்ளம் வந்தால் மேலிருந்து படம் பிடிக்க வேண்டும். வடிந்தபின் கொசுமருந்து அடிக்க வேண்டும். வேலைக்கு ஒரு ட்ரோன் வாங்க நம்ம பாக்கெட் தாங்குமா? உடம்பு ஒன்று, அடியில் மாட்டும் கருவி மட்டும் வேறு வேறு என்று செய்தால் என்ன?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவைப் பாருங்கள். 2012-ல் மதுரை கிரானைட் குவாரிகளை அளக்க உதவினார்கள். 2015 வெள்ளத்தில் சென்னையை மேலிருந்து பார்த்தார்கள். 2018-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பணிக்கான போட்டியில் இரண்டாம் இடம். 2020-ல் கொரோனாவுக்குக் கிருமிநாசினி. (தெருவில் இப்படித் தெளிப்பதை அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என்பது வேறு விஷயம்.) 2021-ல் சென்னை மாநகராட்சியும் நீர்வழிகளில் கொசுப்புழு மருந்தை ட்ரோனால் அடித்தது.

கழற்றி மாட்டுவது என்றதும் நாலு போல்ட்டு போதும் என்று நினைக்கிறோம். அது சின்ன வேலை. எடைதான் பெரிய தலைவலி. கேமரா சில நூறு கிராம். வயலில் மருந்தடிக்கும் ட்ரோனில் 10 லிட்டர் டாங்க் சகஜம். தண்ணீர் மட்டுமே 10 கிலோ! மோட்டார்களின் மொத்த இழுவிசை, கிளம்பும் எடையைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. டாங்குக்காகப் பெரிய மோட்டார் போட்டால், கேமரா மட்டும் மாட்டும் நாளிலும் அந்த எடையைச் சும்மா சுமக்க வேண்டும். பறக்கும் நேரம் குறையும். லாரியில் காய்கறி வாங்கப் போவது மாதிரி! ஆகவே எல்லா வேலைக்கும் ஒரே உடம்பு என்பதை நான் நம்பவில்லை. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. இரண்டுக்கும் ஒரே மாட்டும் தகடு. இதுதான் நம் கைக்கு அடங்கும்.

அந்தத் தகட்டில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். கருவி எதுவானாலும் அதன் எடைமையம் நடுவில் விழ வேண்டும். டாங்கில் மருந்து பாதியானதும் உள்ளே அலையடித்து வண்டியை ஆட்டும். அதற்குக் குறுக்குத் தடுப்புகள் வேண்டும். பொட்டலத்தை விட்டதும் எடை திடீரென்று குறைந்து வண்டி மேலே எகிறும். ஆக, எது மாட்டியிருக்கிறது என்று கண்ட்ரோலருக்குத் தெரிந்தாக வேண்டும். கனெக்டரில் கருவிக்கு ஒரு மதிப்பாக ரெசிஸ்டர் வைத்தால், அதைப் படித்து அதற்கேற்ற அமைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதலாம். ரெசிஸ்டர் விலை என்ன, சில பைசா!

சைதையில் நினைத்தபடி பறக்கவிட முடியாது. விமான நிலையம் பக்கம், அனுமதி வேண்டும். ஆனால் ஒர்க்‌ஷாப் உத்தரத்தில் கயிறு கட்டி, டாங்கை நிறைத்தும், பாதியாக்கியும், காலியாக்கியும் தொங்கவிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க யாரைக் கேட்க வேண்டும்? புரொப்பெல்லரை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கப்பா.