கல்லூரித் தரவரிசையைக் கண்டு மயங்கலாமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலும், அடுத்துள்ள மீஞ்சூர் ஒன்றியக் கிராமங்களிலும் பெற்றோர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? அவ்வேளையில், 'தரவரிசையில் முன்னணி' என்னும் விளம்பரங்கள் கண்ணைக் கவர்கின்றன. நகையை அடகு வைத்தேனும் சேர்த்துவிடத் துணிகிறோம். அதற்குமுன், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அறிந்துகொள்வது நலம்.

மத்திய அரசு 2016 முதல் தேசியத் தரவரிசைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. பொறியியல் கல்லூரிகளுக்கு உரிய 100 மதிப்பெண்ணில், கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெறுவோரின் தேர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் 20, பல தரப்பினரையும் சேர்ப்பதற்கு 10, பிறரிடையே உள்ள மதிப்புக்கு 10 என வகுத்துள்ளனர். முதற் பட்டம் பயில வரும் மாணவனுக்கு ஆராய்ச்சியைவிட ஆசிரியரும், தேர்ச்சியும், வேலையுமே முதன்மையானவை. ஆகவே மொத்த எண்ணை விடுத்து, இவற்றுக்குரிய மதிப்பெண்ணைத் தனியே பார்த்தல் வேண்டும்.

விண்ணப்பித்த கல்லூரிகளே பட்டியலில் இடம்பெறுகின்றன. எனவே, பெயர் இல்லாமை தரக்குறைவுக்குச் சான்று ஆகாது. எண்ணும் நிலையானதன்று. சென்னை மாநிலக் கல்லூரி 2022, 2023 ஆண்டுகளில் கல்லூரிகளுள் மூன்றாம் இடம் பெற்றது. 2024-இல் முதல் பத்து இடங்களுள் அது இல்லை. ஓராண்டில் ஒரு கல்லூரி தலைகீழாக மாறிவிடுவதில்லை அல்லவா?

விளம்பரத்தைக் கண்டால் நாம் கேட்க வேண்டியவை: தரவரிசையை வெளியிட்டவர் யார்? எந்த ஆண்டுக்கு உரியது? எந்தப் பிரிவில்? நம் பிள்ளை விரும்பும் பாடத்தில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர்? மொத்தக் கட்டணம் என்ன? நாள்தோறும் சென்றுவர எவ்வளவு நேரம் ஆகும்?

அருகிலேயே 1950-இல் தோன்றிய தியாகராயா கல்லூரியும், 1964-இல் தோன்றிய பாரதி மகளிர் கல்லூரியும் உள்ளன. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் ரூ.1,000 வழங்க ஏற்பட்டவை. இவற்றையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வினாக்களைப் படித்துக் காட்டலாம். நம் ஊரிலிருந்து அக்கல்லூரிகளில் பயின்றவர்களை அழைத்துப் பேசச் செய்யலாம். அவர்தம் அனுபவம் எந்த விளம்பரத்தினும் நம்பத்தக்கது. கடன் வாங்கும்முன் விசாரித்தால், பின்னர் வருந்த நேராது.