இரவல் விலாசம்

2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் சிலரும் அங்கே பஸ்ஸை எதிர்பார்த்து நின்றனர். அவர்களுள் ஒரு சிறுமியின் புத்தகப் பையில் விசித்திரமான பிராணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முயலின் காது, உடம்பெல்லாம் பஞ்சு போன்ற மயிர், வாய் நிறையக் கூரிய பற்கள்!

“இது என்ன அம்மா, பேய்க்குட்டியா?” என்று கேட்டேன்.

“லபூபு, சேர். ஆனா இது டூப்ளிகேட். ஒரிஜினலுக்கு ஒன்பது பல்லு, இதுக்குப் பத்து இருக்கு” என்றாள். அவளுடைய தாய் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். ஆதலால் மகளுக்கும் நான் ‘சேர்’தான். “அண்ணன் அமெரிக்காவிலேயிருந்து ஒரிஜினல் எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்கு” என்றும் சொன்னாள்.

அண்ணன் அமெரிக்காவில் இல்லை. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறான். அவன் எவ்வாறு அமெரிக்கக் கடையில் பொம்மை வாங்கப் போகிறான் என்று விசாரிக்கப் புகுந்தேன். அந்த விசாரணையில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பிராணியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடலாம். ஹொங்கொங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த கசிங் லுங் என்ற ஓவியர், வட ஐரோப்பிய நாட்டுக் கதைகளில் வரும் குறும்புப் பூதங்களை மனத்திற் கொண்டு 2015 இல் சித்திரக் கதைகள் வெளியிட்டார். அக்கதைகளில் வந்த ஒரு பாத்திரமே லபூபு. 2019 இல் சீனாவின் பொப் மார்ட் நிறுவனம் அதைப் பொம்மையாக்கி விற்கும் உரிமையைப் பெற்றது. 2024 இல் லிசா என்னும் தாய்லாந்துப் பாடகி அதனை வைத்துக்கொண்டு படம் வெளியிட்டதும் உலகமே அதன் பின்னால் ஓடத் தொடங்கிற்று. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆளுயர லபூபு ஒன்று ஏலத்தில் பத்து இலட்சம் யுவானுக்கு மேல் விலைபோயிற்று. உள்ளே எந்த உருவம் இருக்கிறதென்று தெரியாமலே பெட்டியை வாங்க வேண்டும் என்பது இவ்வியாபாரத்தின் தந்திரம். மிக அரிய உருவம் 72 பெட்டிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அகப்படுமாம். இது பொம்மைக் கடையா, லொத்தர்ச் சீட்டா என்று பெரியவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இனி வாங்கும் வழியைப் பார்ப்போம். அமெரிக்கக் கடைகள் பல, தம் நாட்டு விலாசத்துக்கு மாத்திரமே சாமான் அனுப்பும். இலங்கை என்று எழுதினால் விண்ணப்பமே நகராது. இங்கேதான் பொதிகளை மாற்றி அனுப்பும் நிறுவனங்கள் இடையே வருகின்றன. அவற்றிற் பதிவு செய்துகொள்பவருக்கு, அந்நாட்டில் உள்ள ஒரு களஞ்சியத்தின் விலாசமும், அதன் கீழே அவருக்கென்று ஓர் இலக்கமும் கொடுக்கப்படும். கடைக்காரர் அந்த விலாசத்துக்குப் பொருளை அனுப்புவார். களஞ்சியத்தார் இலக்கத்தைப் பார்த்து, இது இன்னாருடையது என்று பிரித்து, நம் நாட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இத்தகைய களஞ்சியங்கள் பல டெலவெயார், ஒரிகன் ஆகிய மாநிலங்களில் இருக்கின்றன. அங்கே விற்பனை வரி கிடையாது என்பதே காரணம். ஜப்பானிலும் இத்தொழில் உண்டு. அங்கே இதனை ‘தென்சோ’ என்பார்கள்; வந்ததை வேறிடத்துக்கு அனுப்புதல் என்று பொருள்.

பலரும் ஏமாறும் இடம் நிறைக் கணக்கு. விமானத்திற் செல்லும் பொதிக்குத் தராசு காட்டும் நிறை மட்டும் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது பெருவழக்கு. வருகின்ற எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்கே கூலி அறவிடப்படும். 30 சென்ரிமீற்றர் நீளமும் 25 அகலமும் 20 உயரமும் கொண்ட பெட்டியில் அரைக் கிலோப் பஞ்சுப் பொம்மை ஒன்று வந்தால், மூன்று கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்! ஆகவே, பெரிய பெட்டியைக் கழித்துச் சிறியதில் மாற்றிக் கட்டச் சொல்வதும், இரண்டு மூன்று பேர் வாங்கியவற்றை ஒன்றாகச் சேர்த்து அனுப்பச் சொல்வதும் புத்திசாலித்தனம். மின்கலம் வைத்த பொம்மையாயின் விமானத்தில் ஏற்றுவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

கொழும்பு வந்தபின் சுங்கம் இருக்கிறது. வரி பொம்மையின் விலைக்கு மாத்திரமன்று. ஏற்றுகூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கே விதிக்கப்படும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி மட்டுமே நூற்றுக்குப் பதினெட்டு. இதை அந்த அண்ணனிடம் தொலைபேசியிற் சொன்னேன். “தெரியும் சேர். நாங்க நாலு பேரு சேர்ந்துதான் எடுக்கிறோம்” என்றான். கடையில் வேலை செய்கிறவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனது என் தவறு.

ஆயினும் ஒரு கணக்கை நான் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2025 இல் அமெரிக்காவில் அந்தப் பெட்டி ஒன்றின் விலை ஏறத்தாழ 28 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 8,400 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறுமியின் தாய் மலையேறி ஆறு நாள் கொழுந்து பறித்தாலும் பொம்மையின் விலைக்கே போதாது. ஏற்றுகூலியும் வரியும் அப்புறம். இதைச் சொல்லிப் பிள்ளையைக் கண்டிப்பது சுலபம். ஆனால், கடல் கடந்து வரும் பொம்மைக்கு ஆசைப்பட்டவர்களில் இம்மலைநாட்டில் இவள் முதல்வள் அல்லள்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், இலண்டன் ‘ஆர்மி அன்ட் நேவி’ கடையின் தடித்த விலைப்பட்டியல் காலனி நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர்களிடையே பிரசித்தம். பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டால், சாமான் கப்பலேறி வந்து சேரும். நுவரெலியாவின் செங்கல் தபாலகம் 1894 இல் கட்டப்பட்டது. ஹட்டனுக்கு அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே புகையிரதம் வந்துவிட்டது. பங்களாவுக்குப் பெட்டிகள் வந்து சேர வழியெல்லாம் ஒழுங்காயிருந்தது. அவற்றைத் தலையிற் சுமந்து மேட்டில் ஏற்றியவர்கள் நம்மவர்கள்.

பிற்காலத்தில் நம் லயங்களுக்கும் பெட்டிகள் வந்தன. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குச் சென்ற தாய்மார், ‘கார்கோ’ என்று அனுப்பிய பெட்டிகள் அவை. பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் ஒரு பொம்மை இருக்கும். இரண்டு வருஷம் தாயைக் காணாத குழந்தை அந்தப் பொம்மையை எப்படி அணைத்துக்கொண்டு தூங்கும் என்பதை ஆசிரியனாக இருந்த எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனின் கதைக்கு வருவோம். அமெரிக்க நிறுவனம் அவனுக்கு ஒரு நொடியில் விலாசமும் இலக்கமும் கொடுத்துவிட்டது. அடுத்து, பொதி இலங்கையில் எங்கே வர வேண்டும் என்று கேட்டது. வீட்டு இலக்கம், வீதியின் பெயர், நகரம் என்று மூன்று கட்டங்கள். அவனுடைய வீடு லயத்தில் நாலாவது காம்பரா. அதற்கு இலக்கம் இல்லை; வீதியும் இல்லை. பெயர், டிவிசன், தோட்டம், தபாற் கந்தோர் என்று எழுதுவதுதான் அங்குள்ள வழக்கம். கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். ஒரே டிவிசனில் ஒரே பெயருடையோர் மூவர் இருந்தால் கடிதம் மூன்று வீடும் சுற்றும். என் மாணவன் ஒருவனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஐந்து நாட்களின் பின் கையில் கிடைத்தது. அவன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் இவர்கள். எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறிற்று. புதிய தனிவீடுகள் சில தோட்டங்களில் எழும்பியுள்ளன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்துச் சென்றார். ஆனால் லயத்தில் இன்னும் வாழ்வோர் ஏராளம். பொம்மை வராவிட்டால் ஒரு பிள்ளை ஒரு நாள் அழும். கடிதம் வராவிட்டால் நேருவது வேறு. தனக்கென்று ஒரு விலாசம் வேண்டும் என்று இம்மக்கள் கேட்பதை அற்ப விஷயமாக எவரும் எண்ணலாகாது.

அண்ணன் என்ன செய்தான்? முதலாளியிடம் கேட்டுப் புறக்கோட்டைக் கடையின் விலாசத்தை எழுதினான். அமெரிக்காவிலும் இரவல், கொழும்பிலும் இரவல்! பொதி செப்டெம்பர் கடைசியில் கடைக்கு வந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக அதைப் புடைவைப் பைக்குள் வைத்து மடியிலேயே தாங்கியபடி ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

மறுவாரம் அந்தச் சிறுமியைக் கண்டேன். பையில் பழைய பத்துப் பல்தான் ஆடிக்கொண்டிருந்தது. புதியது எங்கே என்றேன்.

“அது வீட்டில இருக்கு சேர். மழையில நனைஞ்சிடும்ல” என்றாள்.