சித்தூர்ச் சீமையின் மிலிட்டரி வீடுகள்

2021 டிசம்பர் 8-ஆம் தேதி நண்பகல். சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்ட எம்.ஐ. 17 ரக ஹெலிகாப்டர், குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் மரங்களில் மோதி எரிந்து விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அதில் இருந்தார் என்ற செய்தி பரவியதும் நாடே நிலைகுலைந்தது. அதே ஹெலிகாப்டரில் அவருடைய தனிப் பாதுகாவலராகப் பயணித்தவர், 27 வயதான லான்ஸ் நாயக் சாய் தேஜா. பாரா சிறப்புப் படையைச் சேர்ந்தவர். ஊர், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் குரபலகோட்டா மண்டலத்தில் உள்ள எகுவ ரேகட.

விழுந்தவர்கள் யார், எந்த மொழிக்காரர்கள் என்று நஞ்சப்பசத்திரத்து மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குடத்தில் தண்ணீர் எடுத்து ஓடினார்கள். வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையாக இறங்கியபோது, மலைப்பாதையிலும் மேட்டுப்பாளையம் சாலையிலும் திரண்டிருந்த கூட்டம் பூக்களைத் தூவி வழியனுப்பியது. அந்தக் கூட்டத்தை யாரும் வண்டி வைத்து அழைத்து வரவில்லை. சில நாள் கழித்து ராணுவ அதிகாரிகள் நஞ்சப்பசத்திரத்துக்கே வந்து, ஊராருக்கு நன்றி சொல்லி, ஓராண்டுக்கு அந்தக் கிராமத்தைத் தத்தெடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள்.

சாய் தேஜாவின் வீட்டாருக்குக் காத்திருப்பு இன்னும் நீண்டது. உடல்கள் கருகிப்போயிருந்ததால் டி.என்.ஏ. பரிசோதனை செய்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது. டிசம்பர் 12-ஆம் தேதிதான், பெங்களூரு வழியாக, அவர் ஊர் திரும்பினார். ஆந்திர எல்லையிலிருந்து மதனப்பள்ளியைத் தாண்டி ஊர் வரைக்கும் சாலையோரம் மக்கள் நின்றார்கள். இளைஞர்கள் தேசியக் கொடியைக் கட்டிய மோட்டார் சைக்கிள்களில் ராணுவ வண்டிக்கு முன்னும் பின்னும் போனார்கள். மாநில அரசு 50 லட்சம் ரூபாய் கொடுத்தது. ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அவருக்கு மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் இருந்தார்கள்.

போரில் விழுந்தவனைக் கொண்டாடுவது இந்த நிலத்துக்குப் புதிதல்ல. மதனப்பள்ளி, புங்கனூர்ப் பக்கமெல்லாம் வைதும்பர், பாணர், நுளம்பர் என்ற அரச மரபினர் மோதிக்கொண்ட களம். சண்டையில் இறந்தவனுக்காக ஊரார் நட்டுவைத்த வீரக்கற்கள் இன்றும் வயலோரங்களில் நிற்கின்றன. சோரேமடிப் போர் என்ற ஒரு பெரும் சண்டையைப் பற்றிச் சரித்திரம் அறிந்துகொண்டதே இப்படிப்பட்ட கற்களால்தான். தமிழ்நாட்டுச் செங்கத்தின் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கற்களின் உறவு உடனே விளங்கும். அந்தக் கற்கள் சிலவற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறந்தவனின் பெயரோடு கல்வெட்டு முடிந்துவிடுவதில்லை. அவன் குடும்பத்துக்கு நிலம் விட்டுக்கொடுத்த செய்தியும் சேர்த்து வெட்டப்பட்டிருக்கிறது. மரியாதை என்றால் அவன் விட்டுப்போன வீடு பசியில்லாமல் இருப்பதும்தான் என்று அந்தக் காலத்து ஊர்ச்சபைகளும் சிற்றரசர்களும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

சாய் தேஜாவின் மரணத்துக்கு ஓராண்டு முன்பும் சித்தூர் மாவட்டம் ஒரு மகனை இழந்திருந்தது. 2020 நவம்பர் 8 அன்று காஷ்மீரின் குப்வாரா மாவட்டம் மச்சில் பகுதியில் ஊடுருவலைத் தடுக்கும் சண்டையில் கேப்டன் அசுதோஷ் குமாரோடு உயிர் விட்டவர்களில் ஒருவர், ஐராலா மண்டலம் ரெட்டிவாரிபள்ளியைச் சேர்ந்த ஹவில்தார் பிரவீண் குமார் ரெட்டி. 18-ஆம் மெட்ராஸ் பட்டாலியன்காரர். அவரோடு விழுந்த இன்னொருவர் தெலங்கானாவின் நிஜாமாபாத் பக்கத்து மகேஷ்.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் வேர் 1758 வரை போகிறது. அதன் பயிற்சி மையம் இருப்பது அதே வெலிங்டனில். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லாரும் ஒரே வரிசையில் நின்று 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று முழங்குகிற படை அது. 1911-இல் வட ஆற்காடு, கடப்பா மாவட்டப் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திரத்தோடு போனது; 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடுகள் மாறினாலும், தமிழ்ப் போர்முழக்கத்தோடு களமிறங்கும் தெலுங்குப் பிள்ளைகளை இந்த மண் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது.

திருப்பதிக்கும் இதில் தனிப் பெருமை உண்டு. மேஜர் ஜெனரல் சித்தூர் வேணுகோபால் திருப்பதிக்காரர். 1971 போரில் கிழக்கு முனையில் ஒரு கூர்க்கா பட்டாலியனுக்குத் தலைமை தாங்கி, பலமாக அரண் செய்யப்பட்டிருந்த உத்தாலியையும் தர்சனாவையும் டிசம்பர் 4-க்குள் கைப்பற்றினார். நிறுத்தாமல் முன்னேறி, 7-ஆம் தேதி ஜெனைதா நகரமும் வீழக் காரணமானார். பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த உயர்ந்த போர்க்கால விருதான மகாவீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது. ஏழுமலையான் ஊருக்கு வருடந்தோறும் கோடிக்கணக்கில் வந்துபோகும் பக்தர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

போரின் 50-ஆம் ஆண்டுக்காகத் தில்லி தேசியப் போர் நினைவிடத்தில் 2020 டிசம்பர் 16 அன்று ஏற்றப்பட்ட நான்கு வெற்றிச் சுடர்களில் ஒன்று 2021 பிப்ரவரியில் திருப்பதிக்கு வந்தது. தொண்ணூறைக் கடந்திருந்த வேணுகோபாலை அப்போதைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி அவருடைய வீட்டுக்கே சென்று கௌரவித்தார். விருது பெற்றவர்களின் ஊர் மண்ணை எடுத்துப்போய் நினைவிடத்தில் சேர்ப்பதும் அந்தச் சுடர்ப் பயணத்தின் பகுதி. பரம்வீர் சக்கரம் பெற்றவர்களுக்கான மாநில அரசின் தொகை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாகவும், மகாவீர் சக்கரத்துக்கு 80 லட்சமாகவும், வீர் சக்கரத்துக்கு 60 லட்சமாகவும் உயரும் என்ற அறிவிப்பும் அப்போது வந்தது. வயதான ஒரு வீரரை மேடைக்கு வரவழைக்காமல், ஆட்சியில் இருப்பவர் அவர் வாசலுக்குப் போனதே சரியான முறை. இப்படியான காட்சிகள் இன்னும் நிறைய வேண்டும்.

ஆனால் பதக்கம் பெறுகிறவர்கள் மிகச் சிலர். பலமனேரிலோ குப்பத்திலோ புத்தூரிலோ 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஊரார் அடையாளம் சொல்லும் வீடுகளில் பெரும்பாலானவை பதக்கமில்லாத வீடுகள். சிப்பாயாகச் சேர்ந்து, பதினைந்து பதினேழு வருடம் சியாச்சினிலும் ராஜஸ்தானிலும் அஸ்ஸாமிலும் கழித்துவிட்டு, நாற்பது வயதுக்கு முன்பே டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஊர் திரும்பியவர்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். கைக்கு வரும் பென்ஷன் மட்டும் போதாது. வங்கி வாசலிலும் ஏ.டி.எம். முன்பும் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிகளில் பலர் இவர்கள்தான். திருமலையில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பாதுகாவலர்களிலும் முன்னாள் படைவீரர்கள் உண்டு. தரிசன அவசரத்தில் அவர்களிடம் எரிந்துவிழுகிறவர்கள், இவர் ஒரு காலத்தில் எந்தப் பனிமுகட்டில் நின்றிருப்பார் என்று யோசிக்க நேரமில்லாதவர்கள்.

இறந்தவருக்குக் கூடும் கூட்டத்தில் பொய் இல்லை. மதனப்பள்ளிச் சாலையில் அழுதவர்கள் உண்மையாகவே அழுதார்கள். அந்த அன்பு பதினாறாம் நாள் காரியத்தோடு வடிந்துவிடுவதுதான் வேதனை. அதன் பிறகு இறந்தவரின் மனைவி தனியாக அலைய வேண்டியிருக்கிறது: குடும்ப ஓய்வூதியக் காகிதங்கள், வங்கிக் கணக்குப் பெயர் மாற்றம், வருடந்தோறும் உயிர்வாழ் சான்று, பிள்ளைகளின் படிப்புதவி விண்ணப்பம். கணவரின் ரேங்க், படைப்பிரிவு, நம்பர் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நிரப்பச் சொல்லும் படிவங்கள். இதற்கென்றே மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. எந்தக் கிராமத்திலும் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவரோ இருப்பார். அவர் அந்த வீட்டுக்குப் போய் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால், அது ஊர் எல்லையில் வைக்கும் பத்து ஃபிளெக்ஸ் பேனரை விடப் பெரிய மரியாதை.

டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் ஆண்டுதோறும் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சின்னக் கொடி பலருக்கு நினைவிருக்கும்; அந்த உண்டியல் காசு எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. சாய் தேஜா இறந்தது கொடிநாளுக்கு மறுநாள். கொடிநாள் நிதியிலிருந்துதான், எந்த ஓய்வூதியமும் இல்லாமல் 65 வயதைக் கடந்துவிட்ட முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மாதாந்திர உதவி போகிறது. வெகுகாலம் 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ஆகியிருக்கிறது. பிள்ளைகளின் படிப்புதவி மாதம் 1,000-லிருந்து 2,000 ஆகவும், திருமண உதவி 50,000-லிருந்து 1 லட்சமாகவும் உயர்ந்திருக்கின்றன. பென்ஷன் கிடைக்குமளவுக்குப் பணியாண்டு நிறைவடையாமல் திரும்பி, இன்று யாருடைய தயவிலோ வாழும் முதியவர்கள் நம் கிராமங்களிலும் இருக்கலாம். அவர்களுக்கு இந்தத் தொகை இருப்பதையே யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது இன்னொரு தலைமுறை வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம் எல்லையில் பாகிஸ்தானின் குண்டுவீச்சில் உயிரிழந்த முரளி நாயக், பக்கத்து ஸ்ரீசத்யசாய் மாவட்டம் கல்லி தாண்டாவைச் சேர்ந்த பிள்ளை; நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்ந்த அக்னிவீர். மாநில அரசு 50 லட்சம் ரூபாய், 5 ஏக்கர் நிலம், வீட்டுமனை, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை என்று அறிவித்தது. துணை முதலமைச்சர் பவன் கல்யாண் தன் சொந்தப் பணத்தில் 25 லட்சம் தருவதாகச் சொன்னார். அக்னிவீர் இறந்தால் காப்பீடும் இழப்பீடும் உண்டு. வழக்கமான சிப்பாயின் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாத ஓய்வூதியம் இல்லை. இந்த வேறுபாடு நியாயமாகப்படவில்லை. குண்டு பாயும்போது அது பணிக்கால ஒப்பந்தத்தைப் பார்த்துப் பாய்வதில்லை.

உயிரோடு திரும்பப் போகிறவர்களின் எண்ணிக்கை இதைவிடப் பெரிது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவாநிதியோடு, இருபதுகளின் நடுவில், வீடு திரும்புவார்கள். முதல் அணியின் காலம் 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்குகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் மாநிலக் காவல்துறை, வனத்துறை, தேவஸ்தானப் பாதுகாப்புப் பிரிவு, ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகள் ஆகியவை இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் ஒதுக்கப்போகின்றன என்பதை, அவர்கள் பெட்டி படுக்கையோடு ரேணிகுண்டாவில் ரயிலிறங்கும் முன்பே அறிவிக்க வேண்டும்.