1098-க்குப் போன் போட்ட பிறகு என்ன நடக்கும்?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சத்துணவுக்குத் தட்டை நீட்டும்போது சட்டைக் கை மேலேறுகிறது. முழங்கைக்கு மேலே, கரண்டியைக் காய்ச்சி வைத்த சூட்டுத் தழும்பு. சோறு போடும் அக்கா பார்க்கிறார். டீச்சருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். “அவுக வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு வம்பு?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பயம்தான் வாயை அடைக்கிறது. நம் பெயர் வெளியே வந்துவிடும், போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஹோமில் விட்டுவிடுவார்கள் என்ற மூன்று பயங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

போனில் என்ன கேட்பார்கள்?

1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 1996-ல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவை, 2023-ல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்து 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் தகவல் போலீசுக்குப் போகும். மற்றவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வரும். எந்த ஊர், எந்தத் தெரு, பிள்ளைக்கு ஏறக்குறைய என்ன வயது, நீங்கள் பார்த்தது என்ன என்று சொன்னால் போதும். பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. குழந்தையை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். தழும்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74-ன்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம்.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?

குழந்தைக்கு வீட்டில் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்து மீட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழு இது. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் இதற்கு உண்டு, ஆனால் அறை கோர்ட் போல இருக்கக் கூடாது என்பது விதி. குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினாலும் போதும்.

அடுத்து, வீட்டு நிலவரத்தை விசாரித்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. முதல் வழி சொந்த வீடுதான். பெற்றோருக்கு ஆற்றுப்படுத்துநரின் ஆலோசனை, தொடர் கண்காணிப்பு. அது சரிவராவிட்டால் அப்பாயி, அம்மாயி, சித்தி என்று பொறுப்பான உறவு. வறுமைதான் காரணம் என்றால், தகுதியுள்ள குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு. இல்லம் என்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு வரும் கடைசி வழி.

வறுமையையும் கொடுமையையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை. கஜா புயல் ஓய்ந்த 2018 இறுதியில், டெல்டாவில் 36,000 ரூபாய்க்காக ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவன் மீட்கப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். பிள்ளையைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குபவருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல். பிள்ளையை வதைக்கும் பொறுப்பாளருக்கு மூன்றாண்டு வரை சிறை. ஆனால் கைமீறிய சூழ்நிலையால் பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரை, வேண்டுமென்றே செய்தார்கள் என்று கருத முடியாது என இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 75 சொல்கிறது.

பாலியல் குற்றம் என்றால்

இங்கே பேசாமல் இருப்பதே குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. பள்ளி போன்ற நிறுவனத்தின் தலைவர் தமக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் பாயாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ‘பேசி முடிப்பதற்கு’ இதில் இடமே இல்லை.

வாக்குமூலம் வாங்கும் போலீசார் சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் எஸ்.ஐ. ஒருவர் கேட்டு எழுத வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம்.

குழந்தைகள் நலக் குழு சரியாகச் செயல்படவில்லையா? ஆட்சியர்தான் குறைதீர்க்கும் அதிகாரி. புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். குழுவின் உத்தரவே தவறு என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

2020-ல் ஏம்பலில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றம் ஆறே மாதத்தில், அந்த டிசம்பரிலேயே தூக்குத் தண்டனை விதித்தது. தீர்ப்பு வேகமாக வந்தது, பிள்ளை வரவில்லை. கோர்ட் செய்ய முடிவது உயிர் போன பிறகு. உயிர் இருக்கும்போது செய்ய வேண்டியது, தழும்பைப் பார்த்தவர் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பிள்ளையின் சட்டைக் கை மேலேறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். 1098-ஐ அழையுங்கள்.