"ஆச்சியை எந்திக்கவே விடுறதில்ல!" - கயத்தாறு கிராமங்களில் ஒரு பிசியோ என்ன வேலை செய்கிறார்?

"ஆச்சி எப்படி இருக்காங்க சித்தி?"

"நல்லா இருக்காங்கப்பா. கட்டிலை விட்டு எறங்க விடுறதே இல்ல. சோறு, தண்ணி எல்லாம் கைக்கே வந்துரும். ராணி மாதிரி வச்சிருக்கோம்."

சென்னையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே கேட்ட இந்தப் பதில், அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆச்சிக்கு வலப்பக்கம் வாதம் வந்து அப்போது ஐந்து வாரம். ஊர், கயத்தாறிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. கரிசல் காடும் காத்தாடிகளுமாக இருக்கும் பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது 'நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று யாரோ சொன்ன ஒரு வரி, எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது.

ஒன்பதாவது வாரம் 'மக்களைத் தேடி மருத்துவம்' வண்டியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா வந்தார். ஆச்சியைத் தொடும் முன்பே அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எத்தனை நாளா இப்படிப் படுத்தே இருக்காங்க?"

சித்தி பெருமையாகத்தான் பதில் சொன்னாராம். அந்த அக்காவின் முகம் மாறிப்போனதை பிறகு என்னிடம் சொல்லும்போது சித்தி அழுதார்.

படுத்திருந்தால் என்ன ஆகும்?

2007-ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. எந்த நோயும் இல்லாத, ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குப் பக்கமாகத் தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கே இந்தக் கதி. வாதம் வந்தவருக்கு ஒன்பது வாரம் என்றால்?

தசை மட்டுமில்லை. மூட்டுகள் இறுகும். ரொம்ப நாள் கழித்து எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வரும். 'பாத்தியா, எந்திச்சா மயக்கம் வருது, படுங்க' என்று நாம் மறுபடி படுக்க வைப்போம். நெஞ்சில் சளி கட்டும். ஒரே பக்கம் படுத்திருந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். அதனால்தான் தானாகப் புரள முடியாதவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள்.

பக்கவாதத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூளையில் ரத்தம் போகாமல் செத்துப்போன செல்கள் திரும்ப வராது. ஆனால், பக்கத்தில் இருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். சைக்கிள் கற்றுக்கொண்ட மாதிரிதான், திரும்பத் திரும்பச் செய்தால்தான் பழகும். இந்தக் கற்றல் வேகமாக நடப்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அதன் பிறகும் முன்னேற்றம் வரும்தான், வேகம் மட்டும் குறையும். எங்கள் ஆச்சி அந்த மூன்று மாதத்தில் இரண்டை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கழித்துவிட்டார். நாங்கள்தான் கழிக்க வைத்தோம்.

அதற்காக வாதம் வந்த அன்றைக்கே எழுப்பி நடக்கவிடவும் கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, நிறைய நேரம் எழுப்பி நடமாட வைப்பது நல்லதில்லை என்று 2015-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு சொன்னது. எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். நாம் அதைக் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு மாத்திரைச் சீட்டைப் பற்றிப் பத்து சந்தேகம் கேட்கும் நாம், 'எப்ப உக்கார வைக்கலாம், எப்ப நிக்க வைக்கலாம், பிசியோ யாரைப் பார்க்கணும்?' என்ற மூன்றைக் கேட்பதில்லை.

கட்டிலை அளந்த அக்கா

பிசியோ என்றால் மிஷின் வைப்பார், காலைப் பிடித்துவிடுவார் என்றுதான் எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். அந்த அக்கா முதல் நாள் செய்ததைச் சித்தி சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சர்யம். கட்டில் எவ்வளவு உயரம் என்று பார்த்தார். கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு எத்தனை அடி, நடுவில் எத்தனை நிலைப்படி, ராத்திரி லைட் எங்கே எரியும், ஆச்சி போடும் செருப்பு வழுக்குமா என்று பார்த்தார். கடைசியாக ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, உங்களுக்கு இப்ப என்ன செய்யணும்னு ஆசை?" என்றார்.

ஆச்சி குழறிக் குழறிச் சொன்னது: "திண்ணையில போய் உக்காரணும். வெளிக்குப் போக ஒருத்தரைக் கூப்புடக் கூடாது."

இதுதான் மறுவாழ்வு சிகிச்சையின் அடிப்படை. கை எத்தனை டிகிரி தூக்குகிறது என்பது பிசியோவின் நோட்டில் இருக்கும். ஆனால் இலக்கு திண்ணைதான். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். திண்ணைக்குப் போக நடக்க வேண்டும், நடக்க நிற்க வேண்டும், நிற்கக் கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்கார வேண்டும். அன்றைக்கு உட்காருவதில் ஆரம்பித்தார்கள்.

கூடவே வீட்டில் நடந்துகொண்டிருந்த சில தப்புகளையும் நிறுத்தினார். ஆச்சியை எழுப்பும்போது மாமா வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார். தசையில் பிடிப்பு இல்லாத தோள், மூட்டிலிருந்து இறங்கி விலகிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது. தூக்க வேண்டுமென்றால் முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுக்க வேண்டும். ஜாக்கெட் போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை. எல்லாவற்றையும் சித்தியைச் செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

புறா ரத்தம் தேய்க்கலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம். நம்ம ஊரில் வாதம் என்றால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. எண்ணெய் தேய்ப்பது சுகமாக இருக்கும், அவ்வளவுதான். புறா ரத்தத்தால் மூளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. புறாவுக்கும் இல்லை.

ஒரு வட்டாரத்துக்கு ஒருவர்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வரும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். எழுந்து ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, நோய்த்தணிப்பு செவிலியர் என்பதும் அதே திட்டத்தில் உண்டு. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் யாருக்குத் தேவை என்று பட்டியலில் சேர்ப்பார். வட்டாரத்துக்கான வண்டியில் பிசியோ வருவார். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

நல்ல திட்டம். ஆனால், வட்டாரத்துக்கு ஒரு பிசியோ என்கிற கணக்கைக் கயத்தாறு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஊர். சாலையை விட்டு இறங்கிவிட்டால் கிராமங்கள் தூரம் தூரமாக, நடுவில் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம். அத்தனை ஊரிலும் படுத்திருக்கும் அத்தனை பேரையும் ஒருவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க முடியும்? எங்கள் வீட்டுக்கு மாதம் ஒன்றிரண்டு முறைதான் வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவிகிதம் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது. கேரளாவுக்கு அடுத்த இடம். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று கிளம்பிவிட்ட கரிசல் கிராமங்களில் தெருவைப் பார்த்தாலே தெரியும், அங்கே இந்தக் கணக்கு இன்னும் கூடுதல்.

சரி, இந்த வேலைக்கு வருகிறவர்களின் நிலை என்ன? பிளஸ் டூ-வுக்குப் பிறகு நான்கு வருடப் படிப்பு, அதற்கு மேல் பயிற்சிக் காலம். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வெளியிட்ட ஒப்பந்தப் பணி அறிவிப்புகள் பலவற்றில் பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தொகுப்பூதியம் மாதம் 13,000 ரூபாய். டாக்டருக்கும் நர்ஸுக்கும் தேசிய அளவில் கவுன்சில் இருந்தது. பிசியோக்களுக்கென்று தேசிய சட்டம் வந்ததே 2021-ல்தான். ஊருக்குள் 'கால் புடிச்சு விடுற பிள்ளை' என்ற பேச்சு வேறு. நன்றாகப் படித்தவர்கள் தனியார் கிளினிக்குக்கோ வெளிநாட்டுக்கோ போவதில் ஆச்சர்யமில்லை. இருந்தும் வெயிலில் படியேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு நம்ம மாநிலத்தில் ஒரு பெருமையான வேர் உண்டு. வேலூர் சி.எம்.சி-யில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையையே அங்கே கட்டி எழுப்பினார். 1966-ல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்றும் நடக்கிறது.

உங்க போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்குல்ல?

வாதம் வரவில்லை, வயசு மட்டும்தான் ஆகிறது என்றாலும் பிசியோவுக்கு வேலை உண்டு. விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வயதானவர் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பலருக்கு அதன் பிறகு பழைய நடை வருவதில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். தாத்தாவையோ ஆச்சியையோ கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கம்பு வைத்து நடப்பவர் கம்போடு நடக்கலாம். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அமெரிக்காவின் சி.டி.சி. சொல்கிறது. 'பெரியவங்கன்னா மெதுவாத்தான் நடப்பாங்க' என்று விட்டுவிடாமல் பிசியோவிடம் காட்டும் நேரம் அது.

மருந்தே இல்லாமல் இதைக் குறைக்க முடியும். கால் வலுவுக்கும் பேலன்ஸுக்குமான எளிய பயிற்சிகளை வீட்டிலேயே செய்யும் ஒட்டாகோ என்ற திட்டம் நியூசிலாந்தில் உருவானது. அதன் சோதனைகளில் முதியவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்து எழுவது மாதிரியான பயிற்சிகள்தான். யாருக்கு எது, எத்தனை முறை என்பதை மட்டும் பிசியோ சொல்லட்டும்.

வீட்டில் யாராவது படுத்திருந்தால், அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமோ துணை சுகாதார நிலையத்திலோ சொல்லி மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். எங்களுக்கு இது முதல் வாரமே தெரிந்திருந்தால்...

பிசியோ அக்கா சொல்லிக்கொடுக்கும்போது தங்கச்சி அதை வீடியோ எடுத்துவிட்டாள். மாதம் ஒருமுறை வருகிறவரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. தினம் சாயந்தரம் ஆறரைக்கு நான் வீடியோ கால் போடுவேன். இப்போதெல்லாம் 'எப்படி இருக்காங்க?' என்று கேட்பதில்லை. 'இன்னைக்கு எத்தனை தடவை எந்திச்சாங்க?' என்றுதான் கேட்கிறேன்.

ஆச்சிக்கு வலது கை இன்னும் வரவில்லை. இடது கையால்தான் சாப்பிடுகிறார், அதில் அவருக்குச் சங்கடம் உண்டு. ஆனால், நாலுகால் கம்பை ஊன்றி, ஒரு நிலைப்படி தாண்டி, திண்ணைக்கு வந்துவிடுகிறார். நேற்று எட்டுத் தடவை எழுந்து உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே போனைப் பார்த்துச் சொன்னார்.

"போதும்யா. எண்ணிக்கிட்டே இருக்காத. நீ போய் சாப்புடு."

"பத்து சொன்னாங்க ஆச்சி. இன்னும் ரெண்டு இருக்கு."