மீன்வளம் படிக்கப் போகிறீர்களா?

வன்னமை இறால் பண்ணையில் விடியலுக்குச் சற்று முந்தைய நேரம்தான் ஆபத்தானது. இரவெல்லாம் பாசியும் இறாலும் சுவாசித்து, குளத்து நீரில் கரைந்த ஆக்சிஜன் அப்போதுதான் ஆகக் குறைவாக இருக்கும். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றுபோனால், விடிவதற்குள் ஒரு பருவத்து முதலே போய்விடலாம். அந்த நேரத்தில் ஆக்சிஜனை அளப்பதும், தீவனம் வைத்துப் பார்க்கும் செக் ட்ரேயைத் தூக்கி, தீவனம் மிச்சமிருக்கிறதா, இறாலின் குடல் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் மீன்வளப் பட்டதாரியின் வேலை. இந்தப் படிப்பை எடுக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் இதைத்தான் மனதில் நிறுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல் வந்தது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உள்ளன. முதன்மைப் படிப்பு நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம்). பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு இதற்கும் உண்டு. கணிதம் படித்தவர்களுக்கு மீன்வளப் பொறியியலில் பி.டெக். இருக்கிறது; வணிகத்தில் நாட்டமுள்ளவர்களுக்கு மீன்வள வணிக மேலாண்மையில் பி.பி.ஏ.

பட்டத்தின் பெயரைக் கட்டாயம் கவனியுங்கள். விலங்கியலும் கடல் உயிரியலும் நல்ல படிப்புகளே. ஆனால் மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் முதுநிலைப் படிப்பான எம்.எஃப்.எஸ்சி. சேர பி.எஃப்.எஸ்சி.தான் வாசல். வேறு பட்டத்தை மூன்று வருடம் படித்து முடித்த பிறகு இது தெரியவந்தால் யாருக்கும் லாபமில்லை.

வேலை? குஞ்சு பொரிப்பகம், தீவன நிறுவனம், ஏற்றுமதி ஆலையின் தரக் கட்டுப்பாடு எனத் தனியார் துறை விரிந்து கிடக்கிறது. ஆனால் இறால் பண்ணைகள் நிறைந்த ஆந்திராவின் நெல்லூர் பக்கம் போய்த் தங்கவும் தயாராக இருக்க வேண்டும். அரசுப் பணியிடங்கள் குறைவு. அவற்றை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

மீன்வளத் துறையில் மேலாண்மை என்பது கோப்பு பார்ப்பதோடு முடிவதல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளம் பெருகவும் வேண்டும், அந்த இரண்டு மாதமும் கரையில் அடுப்பு எரியவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நிறைய வர வேண்டும்.

பெற்றோர்களே, கலந்தாய்வுக்கு முன் ஒருநாள் அதிகாலையில் பிள்ளையை மீன்பிடித் துறைமுகத்துக்கோ இறால் பண்ணைக்கோ அழைத்துப் போங்கள். அந்த ஈரமும் வீச்சமும் தனக்கு ஒத்துவருமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.